சகோதர நகரங்கள்: கொள்வினையும் கொடுப்பினையும்

(கொல்கத்தாவில் தமிழ் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், பிரதமர் டாக்டர் மன்மோகன் சிங் சீனாவுக்கு அரசுமுறைப் பயணம் மேற்கொண்டிருந்தபோது, பெய்ஜிங்கில் பல உடன்பாடுகள் கையெழுத்தாயின. அவற்றுள் மூன்று நகரங்களைப் பற்றியவை. தில்லியும் பெய்ஜிங்கும், பெங்களூரும் செங்டுவும், கொல்கத்தாவும் குன்மிங்கும் சகோதர நகரங்களாக உறவு பூண்டன. மறுநாள் செய்தித்தாள்கள் எல்லைப் பாதுகாப்பு உடன்பாட்டைப் பற்றியே விரிவாக எழுதின. நகரங்களைப் பற்றிய செய்தி ஓரிரு வரிகளில் முடிந்தது.

மழைக் காலத்தில் காலேஜ் தெருவில் முழங்கால் அளவு நீரில் புத்தகப் பையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்து செல்லும் ஒரு மாணவருக்கு இத்தகைய உடன்பாட்டினால் என்ன கிடைக்கும்? எங்கோ மலை நாட்டிலுள்ள ஒரு சீன நகரத்துடன் உறவு கொண்டாடுவதனால் கொல்கத்தாவின் குழாய்களில் நீர் கூடுதலாக வருமா? கேள்வி எளியது; நியாயமானதும் ஆகும். அதற்கு விடை காண வேண்டுமாயின் இவ்வுறவுகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, எப்போது பயன் தருகின்றன, எப்போது ஏட்டளவில் நின்று விடுகின்றன என்பவற்றை ஆராய்தல் வேண்டும்.

போரில் பிறந்த உறவு

இங்கிலாந்திலுள்ள காவென்ட்ரி நகரம் 1940ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சினால் பேரழிவுக்கு உள்ளாயிற்று. ஈராண்டு கழித்து ரஷ்யாவின் ஸ்டாலின்கிராடு நகரம் அதனினும் கொடிய முற்றுகையைச் சந்தித்தது. தம் துன்பத்தினால் பிறர் துன்பத்தை உணர்ந்த காவென்ட்ரிப் பெண்கள் 830 பேர், தத்தம் பெயர்களைப் பூவேலையாகத் தைத்த மேசை விரிப்பு ஒன்றையும், திரட்டிய நன்கொடையையும் ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பி வைத்தனர். 1944இல் இரு நகரங்களும் முறைப்படி இணைந்தன. போருக்குப் பின் அதே காவென்ட்ரி, நேச நாடுகளின் குண்டுவீச்சில் அழிந்த ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துடனும் 1959இல் உறவு பூண்டது. ஸ்டாலின்கிராடு பின்னர் வோல்கோகிராடு எனப் பெயர் மாறியது. அதே வோல்கோகிராடுதான் 1960களில் சென்னை மாநகரத்தின் சகோதர நகரமும் ஆயிற்று என்பது தமிழர்கள் நினைவில் கொள்ளத்தக்கது.

அமெரிக்காவில் இவ்வியக்கம் வேறு வகையில் வளர்ந்தது. போர் முடிந்த பின் பிரான்சிலுள்ள பிரெஸ்ட் என்ற துறைமுக நகரத்துக்குச் சென்ற டென்வர் நகரப் பள்ளி ஆசிரியை அமண்டா கினெக்ட், அங்கிருந்த இடிபாடுகளைக் கண்டு வருந்தினார். ஊர் திரும்பியதும் தம் மாணவர்களிடம் அதை எடுத்துரைத்தார். மாணவர்கள் சில்லறைக் காசுகளாகவே 32,000 டாலர் திரட்டி, பிரெஸ்ட் மருத்துவமனையில் குழந்தைகள் பகுதியை மீண்டும் கட்ட உதவினர். அதன் பயனாக 1948இல் டென்வரும் பிரெஸ்டும் சகோதர நகரங்களாயின. 1956இல் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் மக்களுக்கும் மக்களுக்கும் இடையே நேரடித் தொடர்பை வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, இத்தகைய உறவுகள் நூற்றுக்கணக்கில் பெருகின. அதே டென்வர் 1984இல் சென்னையுடனும் உறவு பூண்டது. சென்னையின் பெயரைத் தாங்கிய பூங்கா ஒன்று இன்றும் அந்நகரில் உள்ளது.

ஐரோப்பாவில் பகை நாடுகளாயிருந்த பிரான்சும் ஜெர்மனியும் சமாதானம் அடைந்ததில் நகர உறவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1950இல் பிரான்சின் மோன்பெலியாரும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்கும் இணைந்தது அதற்கு முன்னோடி. 1971இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, நகரங்களை இணைக்கும் முறையைப் பன்னாட்டு ஒத்துழைப்பின் ஒரு கருவியாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது.

பெயரில் அடங்கிய பொருள்

இவ்வுறவை அமெரிக்கர் சகோதரி நகரம் என்பர். பிரிட்டிஷார் இரட்டை நகரம் என்பர். ஜெர்மானியர் பங்காளி நகரம் என்பர். சீனர்களோ நட்பு நகரம் என்றே வழங்குகின்றனர். சகோதரி என்ற உடனேயே மூத்தவள் யார், இளையவள் யார் என்ற கேள்வி சீன மொழியில் எழுந்து விடும். தமிழிலும் அப்படித்தான், அக்காள் என்றோ தங்கை என்றோ சொல்லாமல் உறவைக் குறிப்பது எளிதன்று. மூத்தவர் கொடுப்பார், இளையவர் வாங்கிக் கொள்வார் என்ற எண்ணம் அச்சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

நம் கிராமங்களில் நீடித்த உறவைக் குறிக்கக் கொள்வினை கொடுப்பினை என்பார்கள். ஒரு குடும்பம் கொடுத்துக்கொண்டே இருக்க, மற்றது வாங்கிக்கொண்டே இருந்தால் அதற்கு அப்பெயர் பொருந்தாது. நகர உறவுகளுக்கும் இதுவே உரைகல்.

உறவு இயங்கும் முறை

பொதுவாக இவ்வுறவு நான்கு படிகளில் அமைகிறது. முதலில் இரு ஊர்களுக்கிடையே ஏதேனும் ஓர் இயல்பான தொடர்பு கண்டறியப்படுகிறது. இரண்டும் துறைமுகங்களாக இருக்கலாம். பல்கலைக்கழகங்கள் உள்ள ஊர்களாக இருக்கலாம். ஓர் ஊரிலிருந்து குடியேறியவர்கள் மற்றோர் ஊரில் வாழ்ந்து வரலாம். இரண்டாவதாக இரு நகர மன்றங்களும் தீர்மானம் இயற்றுகின்றன. மூன்றாவதாக மேயர்கள் உடன்பாட்டில் கையெழுத்திடுகின்றனர். நான்காவதாக ஆண்டுதோறும் நிறைவேற்ற வேண்டிய பணித்திட்டம் ஒன்று வகுக்கப்படுகிறது.

முதல் மூன்று படிகளை ஓராண்டுக்குள் ஏறி விடலாம். நான்காவது படியில்தான் பெரும்பாலான உறவுகள் கால் தடுக்கி நின்று விடுகின்றன.

நான்காவது படியை ஏறிய ஊர்களில் இரு வகை அமைப்புகளைக் காணலாம். அமெரிக்க நகரங்களில் பொதுமக்களின் தன்னார்வக் குழுக்கள் பொறுப்பேற்கின்றன. டென்வரில் ஒவ்வொரு சகோதர நகரத்துக்கும் தனிக் குழு உண்டு. மாணவர்களை அனுப்புவதும் வரவேற்பதும் நிதி திரட்டுவதும் அக்குழுவின் பணி. மேயர் மாறினாலும் குழு மாறுவதில்லை. சீன நகரங்களில் இப்பொறுப்பு அரசு அலுவலகத்தினுடையது. பெரிய நகரங்கள் அனைத்திலும் வெளிவிவகாரங்களுக்கென நிலையான அலுவலர்கள் கொண்ட தனி அலுவலகம் உள்ளது. ஒன்று மக்கள் வழி. மற்றது அரசு வழி. இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: கடிதத்துக்குப் பதில் எழுதும் பொறுப்பு ஒருவரிடம் நிலையாக இருக்கிறது.

இந்திய நகராட்சிகளில் இவ்விரண்டுமே அரிது. அலுவலர்கள் மாற்றலாகிச் செல்வார்கள், பொறியாளர்கள் ஓய்வு பெறுவார்கள், தேர்தல் வரும், மன்றம் மாறும். உடன்பாட்டுக் கோப்பு ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்குச் சென்று, இறுதியில் ஆவண அறையில் உறங்கத் தொடங்கும்.

இந்தியச் சட்ட நிலை

வெளிநாட்டு உறவு அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்திய அரசின் பட்டியலில் அமைந்துள்ளது. ஆகவே ஒரு மாநகராட்சி தன் விருப்பப்படி வெளிநாட்டு நகரத்துடன் உடன்பாடு செய்துகொள்ள இயலாது. மாநில அரசின் இசைவும் வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்புதலும் வேண்டும். நன்கொடை ஏதேனும் வருமாயின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதிகளையும் பார்த்தாக வேண்டும்.

மறுபுறம், 1993 ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகளை நகராட்சிகளுக்கு உரியனவாகக் குறிப்பிடுகிறது. குடிநீர், துப்புரவு, சாலைகள், தீயணைப்பு, குடிசைப் பகுதி மேம்பாடு முதலிய அவற்றுள் அடங்கும். சகோதர நகரங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்கத்தக்கவை இவைதாம். பணி நகராட்சியினுடையது, அனுமதி மத்திய அரசினுடையது, இடையில் மாநில அரசு நிற்கிறது. மூன்று படித்தரங்களும் ஒரே திசையில் நடந்தாலன்றி வண்டி நகராது. 2014இல் வெளியுறவு அமைச்சகம் மாநிலங்களுடன் தொடர்பு கொள்வதற்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியதன் காரணமும் இதுவே.

கொல்கத்தாவின் உறவுகள்

கொல்கத்தாவுக்கு வெளியுலகத் தொடர்பு புதிதன்று. கருங்கடல் துறைமுகமான ஒடெஸ்ஸாவுடனும், கலிபோர்னியாவின் துறைமுகமான லாங் பீச்சுடனும் இந்நகரம் சகோதர உறவு பூண்டிருந்தது. ஒடெஸ்ஸா உறவு 1986இல், சோவியத் நட்பு ஓங்கியிருந்த காலத்தில் அமைந்தது. ஐந்தாண்டுக்குள் சோவியத் ஒன்றியமே கலைந்தது. ஹூக்ளிக் கரையில் வாழ்பவர்களுள் எத்தனை பேர் இவ்வுறவுகளை அறிவர்? பட்டியல் நீளமானது; நினைவு குறுகியது.

வெளிநாட்டு நிபுணர்களின் யோசனையும் இந்நகரத்துக்குப் பழகியதே. 1961இல் கல்கத்தா பெருநகரத் திட்ட அமைப்பு நிறுவப்பட்டபோது ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் வல்லுநர்கள் வந்தனர். 1966 முதல் 1986 வரையிலான அடிப்படை வளர்ச்சித் திட்டம் தீட்டப்பட்டது. ஆயினும் 1970இல் பெருநகர வளர்ச்சி ஆணையம் அமைந்து, நிதியும் நிறைவேற்றும் பொறுப்பும் ஓரிடத்தில் சேர்ந்த பின்னரே திட்ட ஏட்டிலிருந்த வடிகால்களும் குடிநீர்க் குழாய்களும் பெருமளவில் மண்ணுக்குள் இறங்கின. யோசனை வெளியிலிருந்து வரலாம். அதை ஏற்றுச் செயற்படுத்தும் கை உள்ளூரில் இருத்தல் வேண்டும் என்பதே அன்றைய பாடம்.

குன்மிங்: அண்டை நகரம்

யுன்னான் மாநிலத்தின் தலைநகரான குன்மிங், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டு முழுவதும் மிதமான தட்பவெப்பம் நிலவுவதால் அதனை வசந்த நகரம் என்பர். வரைபடத்தில் நேர்கோடு வரைந்து பார்த்தால் கொல்கத்தாவுக்கு மும்பையைவிடக் குன்மிங் அருகில் உள்ளது என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

இரு நகரங்களின் தொடர்புக்கு வரலாற்றுச் சான்றுகள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பர்மா வீழ்ந்த பின், சீனாவுக்கு வேண்டிய பொருள்கள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் அஸ்ஸாம் சென்று, அங்கிருந்து விமானங்களில் இமயத்தின் கிழக்குத் தொடரைக் கடந்து குன்மிங்கை அடைந்தன. 1945 பிப்ரவரியில் லெடோவிலிருந்து புறப்பட்ட முதல் லாரி வரிசை புதிய சாலை வழியே குன்மிங் சேர்ந்தது. அதற்கு முன்னரே, 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இந்நகரில் சீனர் குடியேறி வாழ்ந்து வந்துள்ளனர். தெரிட்டி பஜாரும் டாங்ராவும் அதற்குச் சாட்சி. 1937இல் சாந்திநிகேதனில் கவியரசர் தாகூர் சீன பவனத்தைத் திறந்து வைத்தார். 1938இல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸுடன் வங்காளத்தைச் சேர்ந்த டாக்டர் பிஜய் குமார் பாசுவும் இருந்தார். பிற்காலத்தில் சீன ஊசி மருத்துவத்தைக் கல்கத்தாவில் பரப்பியவர் அவரே.

அண்மைக் காலத்தில் 1999இல் குன்மிங்கில் கூடிய மாநாடு, வங்காளதேசம், சீனா, இந்தியா, மியான்மர் ஆகிய நாடுகளின் வட்டாரக் கூட்டுறவுக்கு வித்திட்டது. 2007இல் இரு நகரங்களுக்கிடையே நேரடி விமானம் பறக்கத் தொடங்கியது. 2013 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து டாக்கா, சில்சார், இம்பால், மாண்டலே வழியாகக் குன்மிங் வரை மோட்டார் கார்ப் பேரணி நடைபெற்றது. அவ்வாண்டின் அக்டோபரில்தான் சகோதர நகர உடன்பாடு கையெழுத்தாயிற்று.

தொடக்கம் இத்துணைச் சிறப்பாக இருந்தும் விளைவு அதற்கு ஏற்றதாக இல்லை. கருத்தரங்குகளும் குழுக்களின் வருகையும் நிகழ்ந்தன. ஆயினும் நான்கு நாடுகளின் பொருளாதாரப் பாதை ஏட்டளவில் நின்றது. 2020இல் பெருந்தொற்றும் எல்லை மோதலும் சேர்ந்து நேரடி விமானப் போக்குவரத்தை நிறுத்தின. 2025 அக்டோபரில்தான் கொல்கத்தாவிலிருந்து குவாங்சௌ நகரத்துக்கு நேரடி விமானம் பறந்து அத்தடை நீங்கியது. தலைநகரங்களின் உறவு கசந்தால் நகரங்களின் உறவும் வாடும் என்பது இதனால் தெளிவாகிறது.

சூரிச் காட்டிய வழி

குன்மிங்குக்கு மற்றொரு சகோதர நகரம் உண்டு. அது சுவிட்சர்லாந்தின் சூரிச். 1982இல் தொடங்கிய அவ்வுறவு கலை நிகழ்ச்சிகளிலும் விருந்துகளிலும் நின்றுவிடவில்லை. குன்மிங்கின் மக்கள்தொகை விரைந்து பெருகி, குடிநீர் வழங்கலும் கழிவுநீர் வடிகாலும் திணறிய காலத்தில், 1980களின் பிற்பகுதியில், சூரிச் மாநகரத்தின் நீர்த்துறைப் பொறியாளர்கள் குன்மிங் பொறியாளர்களுடன் அமர்ந்து பணியாற்றினர். 1990களில் போக்குவரத்தும் நகரமைப்பும் சேர்ந்துகொண்டன. பேருந்துக்கென்றே சாலையின் நடுவில் தனித் தடம் ஒதுக்கும் முறை 1999இல் குன்மிங்கில் தொடங்கியது. சீனாவிலேயே அது முதலாவது. நன்றிக்கடனாகக் குன்மிங் நகரம் சூரிச் ஏரிக்கரையில் அழகிய சீனத் தோட்டம் ஒன்றை அமைத்துக் கொடுத்தது.

ஒரே குன்மிங், இரு சகோதர நகரங்கள். ஓர் உறவு செழித்தது, மற்றது தழைக்கவில்லை. சூரிச் செல்வ நகரம் என்பது ஒரு காரணமே. ஆயினும் அதுவே முழுக் காரணமன்று. சூரிச் உறவில் மூன்று அம்சங்கள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, நட்பு என்ற பொதுச் சொல்லோடு நிற்காமல், குடிநீர் என்ற குறிப்பிட்ட ஒரு சிக்கலை அவர்கள் எடுத்துக்கொண்டனர். இரண்டாவது, தொடர்பு மேயருக்கும் மேயருக்கும் இடையே மட்டும் அமையாமல், ஒரே தொழிலைச் செய்யும் இரு ஊர்ப் பொறியாளர்களுக்கு இடையே ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. குழாயில் நீர் கசியும் இடத்தைக் கண்டறிவது எப்படி, பராமரிப்புப் பதிவேட்டை வைத்துக்கொள்வது எப்படி என்பவற்றை நூல்களைவிடப் பக்கத்தில் நின்று பார்த்தே எளிதில் கற்க முடியும். மூன்றாவது, நகரம் தொடங்கிய பணிக்குச் சுவிஸ் நாட்டு அரசின் வளர்ச்சி உதவி நிறுவனம் பின்னர் துணை நின்றது. சிறிய உறவு பெரிய நிதிக்கு வாயில் திறந்தது.

கொல்கத்தா கொடுக்கக் கூடியது

சூரிச் கொடுத்தது, குன்மிங் பெற்றது. கொல்கத்தா குன்மிங் உறவு அவ்வாறு ஒரு வழிப் பாதையாக இருக்க வேண்டியதில்லை. கொல்கத்தாவிடம் கொடுப்பதற்கு உலகம் வியக்கும் பொருள் ஒன்று உண்டு.

நகரின் கிழக்கே ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்பில் சதுப்பு நிலங்கள் விரிந்துள்ளன. நகரின் கழிவுநீர் வாய்க்கால்கள் வழியாக அங்குள்ள ஆழமற்ற மீன்குளங்களைச் சென்றடைகிறது. பேரி என்று அவற்றை வங்காளிகள் வழங்குவர். குளத்தில் வெயில் படுகிறது, பாசி வளர்கிறது, நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன, பாசியை மீன்கள் உண்கின்றன. தெளிந்த நீர் வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சியது குல்டி ஆற்றைச் சேர்கிறது. பெரும் செலவில் இயந்திரங்கள் செய்யும் பணியை வெயிலும் மீனும் மீனவரின் பரம்பரை அறிவும் செய்து முடிக்கின்றன. நகரத்துக்கு மீனும் காய்கறியும் கிடைக்கின்றன. உழைப்பவர்க்குப் பிழைப்பும் கிடைக்கிறது. இதன் அருமையை உலகறியச் செய்தவர் பொறியாளர் துருபஜோதி கோஷ். அவர் 1990இல் ஐக்கிய நாடுகளின் குளோபல் 500 விருதைப் பெற்றார். 2002இல் இச்சதுப்பு நிலங்கள் ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2006இல் மேற்கு வங்கச் சட்டமன்றம் இவற்றின் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

குன்மிங்கின் தெற்கே ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தியான்சி ஏரி இருக்கிறது. நகரின் கழிவும் ஆலைகளின் கழிவும் வயல்களின் உரமும் கலந்து, 1990களில் அவ்வேரி பச்சைப் பாசி படர்ந்து, எவ்விதப் பயனுக்கும் உதவாத நிலையை அடைந்தது. பல்லாயிரம் கோடி ரூபாய்க்கு நிகரான தொகை அதன் மீட்புக்குச் செலவிடப்பட்டுள்ளது. கழிவுநீர் நிலையங்கள் கட்டப்பட்டன. கரையோரத்தில் சதுப்பு நிலப் பட்டைகள் மீண்டும் உருவாக்கப்பட்டன. 2013இல் நியுலான் ஆற்று நீர் மலைகளைக் கடந்து ஏரிக்குத் திருப்பி விடப்பட்டது.

இரு நகரங்களின் தேவைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொள்வினைக்கும் கொடுப்பினைக்கும் உள்ள வாய்ப்பு விளங்கும். கழிவுநீரைப் பயனுள்ள பொருளாகக் கருதும் பழக்கத்தையும், ஆழமற்ற குளங்களைப் பராமரிக்கும் நுட்பத்தையும் கொல்கத்தா கொடுக்கலாம். ஏரியை இழந்த ஒரு நகரம் அதனை மீட்க எவ்வளவு செலவிட வேண்டியிருக்கிறது என்ற பட்டறிவைக் குன்மிங் கொடுக்கலாம். கொல்கத்தாவுக்கு இன்று மிகவும் தேவையானது இப்பாடமே. கிழக்குச் சதுப்பு நிலத்தின் விளிம்புகளில் குளங்கள் மேடாகிக் கட்டடங்களாக மாறி வரும் வேளையில், அவற்றை இழந்த பின் மீட்பதைவிட இழக்காமல் காப்பது எவ்வளவு மலிவானது என்பதற்குத் தியான்சி ஏரியைவிடச் சிறந்த கணக்கு ஏடு வேறில்லை. சதுப்பு நிலம் மறைந்தால் காலேஜ் தெருவில் தேங்கும் மழைநீருக்கும் வடிய இடம் குறையும்.

மறுப்புகளும் விடைகளும்

இவ்வுறவுகள் மேயர்களும் அலுவலர்களும் அரசுச் செலவில் ஊர் சுற்றுவதற்கு ஒரு சாக்கு என்று கூறுவோர் உண்டு. இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று மறுக்க இயலாது. ஆனால் ஊர் சுற்றுவதைத் தடுக்கும் வழி உறவை அறுப்பதன்று. செல்பவர் யார் என்பதை மாற்றுவதே. வடிகால் பிரிவின் இளம் பொறியாளர் ஒருவர் மூன்று மாதம் தங்கித் திரும்பினால், அடுத்த முப்பது ஆண்டுக்கு நகரம் அதன் பயனை அனுபவிக்கும். ஒரு வாரம் விருந்துண்டு திரும்பும் பெருங்குழுவுக்கு ஆகும் செலவைவிட அது குறைவாகவே இருக்கும்.

வடிகால்களுக்கே நிதி போதாத நகரத்துக்கு இது ஆடம்பரம் என்பது மற்றொரு மறுப்பு. பொருளாதார நோக்கில் இது ஆராயத்தக்கது. ஒரு டன் சிமெண்டைக் கொடுத்தவர் அதை இழக்கிறார்; ஒரு நுட்பத்தைக் கற்பித்தவர் எதையும் இழப்பதில்லை. ஒருமுறை கற்பதற்கு ஆகும் செலவு சிறிது. அதை 144 வார்டுகளிலும் பயன்படுத்துவதற்குப் புதிதாக ஏதும் செலவில்லை. பிறர் செய்த தவற்றைத் தன் செலவில் மீண்டும் செய்யாதிருப்பது ஏழை நகரத்துக்கே மிகுதியும் தேவை.

மூன்றாவது மறுப்பு வலிமையானது. அரசியல் காற்று மாறினால் இவ்வுறவுகள் முறிந்து விடுகின்றனவே என்பர். உண்மைதான். 1957 முதல் சான் பிரான்சிஸ்கோவுடன் இருந்த உறவை ஒசாகா நகரம் 2018இல் ஒரு நினைவுச் சிலையைப் பற்றிய பிணக்கினால் முறித்துக்கொண்டது. பிராக் நகரமும் பெய்ஜிங்கும் கொண்டிருந்த உறவு, தைவான் பற்றிய ஒரு வாசகத்தினால் 2019இல் அறுந்தது. ஆனால் உறவு முறிந்தாலும் கற்றது மறைவதில்லை. குழாயைச் சீர்செய்யத் தெரிந்துகொண்ட பொறியாளர், உடன்பாடு நின்று போன பின்னும் குழாயைச் சீர்செய்தே வருவார். உறவின் நிலையாமையே அதை விரைந்து பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்குக் காரணமாகிறது.

செய்ய வேண்டியவை

மாநகராட்சியில் சகோதர நகர உறவுகளுக்கென ஓர் அலுவலர் குறைந்தது ஐந்தாண்டு நிலையாகப் பொறுப்பேற்றல் வேண்டும். ஒரே நேரத்தில் பத்து நகரங்களுடன் உறவு பூணுவதைவிட, ஒரு நகரத்துடன் ஒரு சிக்கலைப் பற்றி உறவு கொள்வது நன்று. ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் சென்றவர் யார், கற்றது என்ன, நகரத்தில் மாறியது என்ன என்ற மூன்று கேள்விகளுக்கு விடையளிக்கும் சிறு அறிக்கை மன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். விடையில்லாத உறவைக் கௌரவமாக முடித்துக்கொள்ளவும் தயங்கலாகாது. பல்கலைக்கழகங்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், பொறியாளர் கழகங்கள் ஆகியவற்றைச் சேர்த்த மக்கள் குழு ஒன்று மாநகராட்சிக்கு வெளியே இருந்து இதன் நினைவாற்றலாக விளங்க வேண்டும். மத்திய, மாநில அரசுகள் அனுமதி வழங்குவதற்குக் கால வரம்பை வகுத்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சீன மொழியையோ ஜெர்மன் மொழியையோ கற்று, தம் ஊரின் குடிநீரைப் பற்றியும் கற்ற ஓர் இளைஞர், இரு நகரங்களுக்கிடையே பெரும் தூதராக விளங்க முடியும். டென்வர் நகரில் சில்லறைக் காசுகளைச் சேர்த்த பள்ளி மாணவர்கள் உடன்பாடு கையெழுத்தாகும் வரை காத்திருக்கவில்லை. அவர்கள் முதலில் மருத்துவமனையைக் கட்ட உதவினார்கள். உறவு பின்னர் வந்தது.

2013இல் கையெழுத்தான உடன்பாட்டை மதிப்பிட வேண்டிய இடம் தாப்பாவின் மீன்குளங்களும் மழைக்காலத்துக் காலேஜ் தெருவுமே. அக்குளங்களில் நீர் நிற்கும் வரை, குன்மிங்குக்குக் கொடுப்பதற்குக் கொல்கத்தாவிடம் பொருள் இருக்கும். குளங்கள் போன பின் குன்மிங்கிடம் கேட்பதற்குக் கேள்விகள் மட்டுமே மிஞ்சும்.